பிரகதாம்பாள் விலாஸின் முன்வாசல்

இருக்கிற ஹோட்டலைப் பற்றி எழுதினால் நாய்கூடச் சீந்தாது. இல்லாத ஹோட்டல் என்றால் ஊரே சாட்சி சொல்லக் கிளம்பி வருகிறது. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காலத்தில் இருந்த பிரகதாம்பாள் விலாஸின் வரலாற்றை எழுத ஒப்புக்கொண்ட பிறகு நான் விசாரித்த அறுபது பேரும் அங்கே காபி குடித்திருந்தார்கள். அதில் நாற்பது பேர் அந்தக் கட்டடம் போன பிறகு பிறந்தவர்கள்.

என்னை எழுதச் சொன்னவர் தியாகராசன். ஹோட்டலைக் கட்டிய மிராசுதாரின் பேரன். இத்தனை வருஷம் சைக்கிள் ஸ்டாண்டாகக் கிடந்த தாத்தாவின் மனையில் ஐந்து மாடிக்குப் புது ஹோட்டல் எழுப்பி, பழைய பெயரையே வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு ஒரு வரலாற்று மலர் வேண்டும். நான் மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன்.

"எல்லாம் உங்க இஷ்டப்படி எழுதுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு. எங்க தாத்தா சாதி பாக்காதவருன்னு வரணும். ஆதாரத்தோட வரணும்" என்றார்.

ஆதாரம் என் வீட்டிலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தது. என் அப்பா இளையபெருமாள், வயது எண்பத்து நான்கு. வலங்கைமான் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். அவர் சொல்லும் கதையை எனக்கு மூன்று வயதிலிருந்தே தெரியும்.

"புயலுக்கு மறு வருஷம் பாப்பா. முன்வாசல் வழியாவே உள்ள போனேன். நடுக்கூடத்துல பளிங்கு மேசை. கால் மேல கால் போட்டு உக்காந்து வயிறு முட்டத் தின்னேன். ஒரு பய ஏன்னு கேக்கல."

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள், புயலைச் சொல்வார்கள். புயல் ஐம்பத்திரண்டில் அடித்தது. அப்படியானால் ஐம்பத்து மூன்று, அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதில் அந்த வாசலைத் தாண்டிய ஆளின் மகள் நான் என்பதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் எந்த நாற்காலி எனக்கானது என்று தெரியாமல் நின்றபோது, அந்தப் பளிங்கு மேசையை நினைத்துக்கொண்டுதான் துணிந்து ஒன்றில் உட்கார்ந்தேன்.

விடாமல் தேடினேன். கட்டியது முப்பத்து நான்கில் என்று ஒரு பழைய கிரயப் பத்திரம் சொன்னது. எழுபத்தேழு புயலில் கூரை பறந்து, அடுத்த வருஷம் கட்டடம் முழுவதையும் இடித்துத் தள்ளினார்கள் என்று நகராட்சிக் கோப்பு சொன்னது. கரந்தையில் மகள் வீட்டில் இருந்த பஞ்சநதத்தையும் போய்ப் பார்த்தேன். ஐம்பதுகளில் அங்கே பரிமாறும் வேலை பார்த்தவர்.

"பின்னால சந்துல ஒரு ஜன்னல் இருந்துச்சும்மா. சேரி ஆளுங்களுக்கு அங்கதான். அலுமினியக் குவளையில டீ. குடிச்சிட்டு அவங்களே கழுவி ஆணியில மாட்டிட்டுப் போயிடணும். சட்டம் வந்த பின்னாடியும் அப்படித்தான் நடந்துச்சு."

என் அப்பா முன்வாசல் வழியாக வந்ததைச் சொன்னேன். கிழவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்படி ஒரு பையன் வந்திருந்தா எனக்கு ஞாபகம் இல்லாமப் போகுமா? நடந்திருக்காதும்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'ஞாபக மறதி' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். 'சாதிப் புத்தி' என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். காபி கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மலரில் அந்தச் சந்து ஜன்னலையும் எழுதித்தான் கொடுத்தேன். தியாகராசன் அதை எடுத்துவிட்டார்.

"ஜன்னல் எல்லாக் கட்டடத்துலயும் இருக்கும் மேடம். காத்து வரணும்ல?"

அப்பாவின் கதைக்கு மட்டும் முழுப் பக்கம், வண்ணப் படம், 'சமத்துவத்தின் முதல் விருந்தாளி' என்று தலைப்பு. ஜன்னலுக்காக நான் சண்டை போட்டிருக்கலாம். அப்பாவின் படம் அத்தனை அழகாக வந்திருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஆயிரம் பிரதி அச்சாகி வந்தது. முதல் பிரதியை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"ஐம்பத்து மூணா? அது என்ன கணக்கு?" என்றார்.

"புயலுக்கு மறு வருஷம்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

"நான் சொன்னது எழுவத்தேழு புயலை. சின்னப் புள்ளையில அந்த வாசப்பக்கம் நின்னிருந்தா தோலை உரிச்சிருப்பானுவ. நாங்க இடிக்கப் போனோம் பாப்பா. நம்ம தெருவுலேருந்து எட்டுப் பேரு. கூரை கெடையாது, கதவைக் கழட்டியாச்சு. மேசைய மட்டும் தூக்க ஆளு வரல. மத்தியானம் அதுல உக்காந்து, உங்க ஆத்தா கட்டிக் குடுத்த பழைய சோத்தையும் கருவாட்டையும் தின்னோம். சுத்த சைவ ஹோட்டல்ல கருவாடு!"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவள், பெற்ற அப்பனிடம் வருஷம் கேட்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சந்து ஜன்னலை நடத்திய மிராசுதாருக்கு, என் அப்பாவின் பெயரிலேயே நற்சான்றிதழ் எழுதி ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று தியாகராசனுக்குப் போன் செய்தேன்.

அவர் பதறவே இல்லை.

"உள்ள போனாரா மேடம்?"

"போனார்."

"முன்வாசல் வழியாத்தானே? எங்க மேசையிலதானே சாப்பிட்டாரு? யாராச்சும் தடுத்தாங்களா?"

"இல்லை, ஆனா…"

"அப்புறம் வருஷத்துல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை காலையில கார் அனுப்புறேன். ஐயாவை அழைச்சிட்டு வந்துடுங்க."

வக்கீலாகியிருந்தால் மனிதர் எங்கேயோ போயிருப்பார்.

போக வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"சரி, போனாலும் சால்வையை வாங்கிக்கிட்டுப் பேசாம எறங்கிடுங்கப்பா. எனக்குத்தான் அசிங்கம்."

"நீ தப்பா எழுதுனதுக்கு நான் எதுக்கு வாயை மூடணும்?" என்றார்.

வெள்ளிக்கிழமை மேடையில் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்கு அந்தக் காலத்து ரவா தோசையைப் புகழ்ந்தார்கள். நான் முன்வரிசையில், யார் கண்ணிலும் படாமல் இருக்க, மலரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தியாகராசன் அப்பாவுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஐயா, எங்க தாத்தா ஹோட்டல்ல சாப்பிட்ட அனுபவத்தை எல்லாருக்கும் சொல்லுங்க."

அப்பா மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சாப்பாடு நல்லாருந்துச்சுங்க. எம் பொண்டாட்டி ஆக்குனது."

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"உங்க தாத்தா கடையில எனக்குச் சின்ன வயசுல சந்து ஜன்னல்தாங்க. குடிச்ச குவளைய நானே கழுவி மாட்டியிருக்கேன். முன்வாசல் வழியா போனது ஒரே ஒரு தடவை. அன்னைக்குக் கையில கடப்பாரை இருந்துச்சு. கட்டடத்தை இடிக்க வந்த ஆளு, அதான் உள்ள விட்டாங்க."

இப்போது பாதிப் பேர்தான் சிரித்தார்கள். தியாகராசன் மைக்குக்காகக் கையை நீட்டினார். அப்பா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார்.

"இதையும் ஜோராத்தான் கட்டியிருக்கீங்க. என்னைக்காச்சும் இடிக்கிறதா இருந்தா சொல்லி விடுங்க. நான் இல்லாட்டி என்ன, அந்தா முன்னால உக்காந்திருக்கே எம் பொண்ணு, அது வரும்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் தியாகராசனும் தட்டினார். நான் மலரை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு, அவர் சொன்ன பெண் யாரென்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று எழுந்து நின்றேன்.