சர் மார்டிமரின் உயரம்

1904 ஆகஸ்டில் மார்டிமர் ஸ்வேலின் உயரம் ஆறடி ஓர் அங்குலம். 1912 ஆகஸ்டில் தேநீர்க் கோப்பை அளவு. இடையில் எங்கள் ஆல்டன்பரியில் ரொட்டி விலை இரண்டு முறை ஏறியது. வேறு விசேஷம் இல்லை.

கோடைதோறும் எங்கள் பேராலயத்தில் இசைவிழா நடக்கும். அதற்கென்று ஒரு பெரிய இசைக்கோவை எழுதி, மேடையேறி நடத்தித் தருவது ஸ்வேலின் பொறுப்பு. அவர் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். மற்றதை, பிரதி எடுக்க வைத்திருந்த ஹெஸ்டர் பிம் என்ற பெண் எழுதினாள். பாடகர் குழுவில் நின்ற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். நாங்கள் கண்ணியமான ஜனங்கள், தெரிந்ததைச் சொல்ல மாட்டோம்.

கைதட்டலுக்குக் குனிந்த மனிதர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகவே நிமிர்ந்தார். தையற்காரர் டிராஸ்க் வாய் திறக்காமல் கால்சட்டையை மடித்துத் தைத்தார். விழாக் குழு மேடையில் ஸ்வேலின் காலடியில் ஒரு பெட்டி போட்டது, மறு வருடம் மூன்று. 'சர்' பட்டம் கொடுத்த அன்று, அவர் மண்டியிட்டிருக்கிறாரா நிற்கிறாரா என்று தெரியாமல் கொடுத்தவர்கள் திணறினார்களாம். அதையும் யாரும் பேசவில்லை. அப்படியொரு நாகரிகம், தூ!

1912 விழாவுக்கு முன் ஹெஸ்டர் அவரிடம் போய்க் கேட்டாள். "இந்த வருஷமாவது என் பேரைப் போடுங்க சார். ஓரத்துல பொடி எழுத்துல போட்டாக்கூடப் போதும்."

சர்க்கரைக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "பொம்பளை பேரைப் பாத்தா சனம் வருமா, ஹெஸ்டர்? உனக்கு எழுத வருது, எனக்கு நிக்க வருது. அவங்கவங்க வேலையைப் பாப்போம்."

அந்த வருடக் கைதட்டல் ஏழு நிமிடம் நீடித்தது. சர் மார்டிமர் குனிந்தார், பிறகு நிமிரவே இல்லை. மேடையில் எள்ளளவில் இரண்டு காலணிகள் கிடந்தன. நாங்கள் தொடர்ந்து தட்டினோம்.

மறுநாள் ஹெஸ்டர் விழாச் செயலாளர் கர்னல் ஃபென்லோவைப் பார்த்து, இனியாவது தன் பெயரைப் போடச் சொன்னாள். கர்னல் தேநீரைக் கலக்கியபடி, "அவர் போனதை யாரும் பாக்கலையே, அம்மா. பதவி காலியானாத்தான் பேசலாம்" என்றார்.

"இருக்கறதை யாராவது பாத்தீங்களா?"

"அதைக் கேக்குறது மரியாதை இல்ல."

அடுத்த கோடைக்கு ஹெஸ்டர் நாற்பத்தெட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் சர் மார்டிமரின் பெயர், மற்றதெல்லாம் ஒரு சுரம்கூட எழுதாத வெறும் கோடு போட்ட தாள். கர்னல் பிரிக்காமலேயே அச்சுக்கு அனுப்பினார். விழாவன்று வயலின்காரர்கள் தந்தியில் வில்லை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சொல்கிற அநாகரிகம் தனக்கு வேண்டாமென்று ஒவ்வொருவரும் பக்கம் புரட்டினோம். பாட வேண்டிய இடமென்று தோன்றியபோது நான் வாயைத் திறந்து மூடினேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. சர் மார்டிமர் இல்லாத மேடையைப் பார்த்து நாற்பது நிமிடம். கோபுரத்துக் காக்கைகள்தான் சத்தம் போட்டன. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அவருடைய படைப்புகளிலேயே முதிர்ச்சியானது என்று பத்திரிகை எழுதியது.

கடைசி வரிசையிலிருந்த ஹெஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். வடக்கே ஏதோ நெசவாலை பேண்டு அவள் இசையை வாசிக்கிறதாம். சுவரொட்டியில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்களாம். எங்கள் ஊரிலிருந்து யாரும் கேட்கப் போகவில்லை. சர் மார்டிமர் தானே எழுதிய ஒரே படைப்பு, அந்த நாற்பத்தெட்டுப் பக்கம், எங்களிடம் இருக்கிறது. வருடாவருடம் அதையே நடத்துகிறோம், இப்போது நன்றாகப் பழகிவிட்டது.