எந்தப் பக்கம்

நகக்கண்ணில் இருந்த கறை மட்டும் போகவே இல்லை.

வெந்நீர், சோப்பு, பழைய பல் பிரஷ், கடைசியில் கடையிலிருந்து எடுத்துவந்த ஸ்பிரிட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார். பஞ்சை நனைத்து மனைவியின் கட்டைவிரலைப் பிடித்து மறுபடி தேய்த்தார். விரல் விறைத்துக் கிடந்தது. பச்சையும் பழுப்புமாக அந்தக் கோடு அப்படியே இருந்தது.

"விடுங்கப்பா," என்றாள் மகள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவள், இன்னும் உடை கூட மாற்றவில்லை.

"வர்றவங்க பாப்பாங்கம்மா."

"பாக்கட்டுமே. அம்மா கை என்னிக்கு வேற மாதிரி இருந்திருக்கு?"

அவர் பஞ்சைக் கீழே போடவில்லை. அடுத்த விரலைப் பிடித்தார்.

கடைத்தெருவில் அவருக்கு மருந்துக்கடை. இருபத்தெட்டு வருஷமாக வெள்ளைக் கோட்டு, வெட்டிய நகம், மடிப்புக் கலையாத சட்டை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலமும் பதினாலு மாடுகளும் மனைவியின் அப்பா விட்டுப்போனவை. மாமனார் காலத்தில் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டி நிலம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். நிலம் கைக்கு வந்ததும் அவள் மூட்டையை நிறுத்திவிட்டாள். "மாடு தின்னது மண்ணுக்கே திரும்பிப் போகட்டும். எடுத்துக்கிட்டே இருந்தா அதுவும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றாள்.

நிலத்தை எட்டுத் துண்டாக வேலி போட்டுப் பிரித்தாள். கொட்டிலைக் கழுவிவிடும்போது சாணமும் மூத்திரமும் ஒரு குழிக்குப் போகும். மாதக்கணக்கில் அங்கே ஊறும். பிறகு தண்ணீர் கலந்து டேங்கரில் ஏற்றி, மாடுகள் மேய்ந்து முடித்த துண்டில் தெளிப்பாள். தெளித்த துண்டுக்குள் ஒரு மாதத்துக்கு மாட்டை விடமாட்டாள். புல்லில் சாணம் ஒட்டியிருக்கும்போது மேய்ந்தால் நோய் வரும் என்பாள். முதல் இரண்டு வருஷம் புல் நோஞ்சானாக வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். மூன்றாம் வருஷம் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் நாற்றம் அவருக்குப் பழகவே இல்லை. டேங்கர் ஓடும் நாட்களில் கடைக்குப் போனால், வாடிக்கையாளர்கள் மூக்கை உறிஞ்சுவது மாதிரியே அவருக்குத் தோன்றும். அவள் பின்வாசலிலேயே பூட்ஸையும் மேலங்கியையும் கழற்றிவிட்டுக் குளித்துவிட்டுத்தான் வருவாள். அப்படியும் அவருக்கு அடிக்கும். ஒரு மண்வெட்டி மண்ணில் எத்தனை மண்புழு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு இருபத்தாறுங்க!" என்பாள். "சாப்பிடும்போதா?" என்பார் அவர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நாலு வருஷமாக அவர் முன்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டார். அவள் விடியுமுன் எழுந்துவிடுகிறாள், தூக்கம் கெடுகிறது என்று காரணம் சொல்லியிருந்தார். அவள் தலையாட்டிவிட்டு, அவர் தலையணைக்குப் புது உறை தைத்துக் கொடுத்தாள்.

நேற்றுக் காலை ஐந்தாம் துண்டில் தெளிப்பு நடந்தது. டிராக்டரை ஓட்டியவன் அவள் தம்பி. அவள் வேலிக் கதவருகே நின்று, எங்கே திருப்புவது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் கோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது அங்கே கை இல்லை. இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயது நாற்பத்தொன்பது.

பத்து மணிக்கெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காற்றும் வீட்டுப் பக்கம் திரும்பியது. வந்தவர்கள் கண்ணைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையை மூக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். அவருடைய அக்கா ஜன்னல் ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"என்னடா இது, இன்னிக்குப் பாத்து இப்படி வீசுது. பெரிய மனுஷங்கல்லாம் வராங்க."

"தொறங்கக்கா."

"என்ன?"

"எல்லாத்தையும் தொறந்து விடுங்க."

அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவரே எழுந்துபோய்த் திறந்தார்.

அம்மாவுக்கு உடுத்த நல்ல உடை தேடி உள்ளே போன மகள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தார். பின்வாசல் படியில் அம்மாவின் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நான்கு காலி.

"இது நீங்க குடுத்ததாப்பா?"

"ஆமா."

"எப்ப?"

"போன வாரம். செவ்வாக்கெழம."

"என்ன வலின்னு சொன்னா?"

"தோள்பட்டை வலிக்குதுன்னா."

மகள் நர்ஸ். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டுவிட்டாள்.

"எந்தப் பக்கம்?"

நிலத்துப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"அப்பா, எந்தத் தோள்பட்டை?"

"கேக்கலம்மா."

அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அவள் இதே படியில் பூட்ஸோடு வந்து நின்றாள். உள்ளே ஒரு கால் வைத்தவளை, "அங்கயே நில்லு, அங்கயே நில்லு," என்று கையை நீட்டித் தடுத்தார். சோற்றுக் கையோடு எழுந்து, கடைப் பையிலிருந்த அட்டையை இடது கையால் எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போடு," என்றார். "சரிங்க," என்றாள். கடைக்கு வருகிற எவரையும் அவர் அப்படி அனுப்பியதில்லை. எங்கே வலி, எத்தனை நாளாக, நடந்தால் கூடுகிறதா, வியர்க்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பார். "மருந்துக்கடையா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று ஊரில் கேலி கூட உண்டு.

மகளிடம் அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அவள் அட்டையை மேலங்கியின் பையிலேயே திரும்பப் போட்டு, பொத்தானை மாட்டி, அதை ஆணியில் தொங்கவிட்டாள். அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு அடக்கம். மண் தள்ளி முடித்துக் கூட்டம் கலைகிற நேரத்தில் கடைத்தெருத் தையல்காரர் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வயதான மனிதர், தேம்பித் தேம்பி அழுதார்.

"உங்களுக்குப் போயி இப்படியா! போன வருஷம் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவன் நான். 'எந்தக் கை வலிக்குது'ன்னு ஒத்தக் கேள்வி கேட்டீங்க. கடையப் பூட்டிட்டு என்னைய ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனீங்க. இன்னிக்கு நான் நிக்கிறேன்னா அது நீங்க போட்ட பிச்சை. அந்த மகராசிக்கு உங்களைக் கூப்பிடக் கூட நேரம் கெடைக்கலையே…"

மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். குழிமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார். தையல்காரர் கையை விடும்வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வீடு திரும்பும்போது தூரத்திலேயே மாடுகளின் கத்தல் கேட்டது. நேற்றுக் காலையிலிருந்து ஒரே துண்டில் அடைந்து கிடந்தன. நான்காம் துண்டில் புல்லை வேர்வரை மேய்ந்துவிட்டு, வேலியில் கழுத்தை வைத்து நெம்பிக்கொண்டிருந்தன. ஒரு கம்பம் ஏற்கெனவே சாய்ந்திருந்தது. மைத்துனன் கொட்டில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, மாடுங்கள எதுல விடணும்?"

"தெரியாது மாமா." அவன் நிமிரவில்லை. "அக்கா கைகாட்டுற எடத்துல ஓட்டுவேன். நேத்து அஞ்சு. அதுக்கு முன்னாடி நான் ஊர்லயே இல்ல, அவளே ஓட்டினா. எதெது எப்ப அடிச்சான்னு அவளுக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் மண்டையிலயேதான் வச்சிருந்தா."

"சரி. நீ உக்காரு."

அடக்கத்துக்குப் போட்ட சட்டையோடும் செருப்போடும் அவர் நிலத்தில் இறங்கினார். எட்டுத் துண்டும் பார்க்க ஒரே பச்சை. ஒன்றிலும் இரண்டிலும் புல் இன்னும் விரல் உயரம்தான். மூன்றில் கணுக்காலுக்கு மேல் நின்றது. உள்ளே போய் நின்றார். வீடு முழுக்க அடித்த நாற்றம் காற்றில் இங்கேயும் அடித்தது. அது ஐந்திலிருந்து வருவதா, இங்கிருந்தே வருவதா?

முழங்காலிட்டார். புல்லை இரண்டு கையாலும் வகிர்ந்து முகத்தைத் தரையோடு வைத்தார். உள்ளே, தண்டின் அடியில், காய்ந்த சாணம் மெல்லிய தோல் மாதிரி படிந்திருந்தது. மூச்சை இழுத்தார். காரமாக ஏறியது. அவளுடைய தலைமுடி வாசனை. குளித்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்காரும்போது அடிக்கும் அதே வாசனை. அவர் எழவில்லை. இன்னொரு முறை இழுத்தார். முதுகு குலுங்கியது. வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் புல் மிதிபடும் சத்தம் கேட்டது. மகள், அம்மாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இது ஆகாது," என்றார் அவர், முகத்தைத் துடைக்காமல். "அடியில இருக்கு."

அவள் வேலியைக் குனிந்து தாண்டி ஆறாம் துண்டுக்குப் போய், தானும் மண்டியிட்டாள். அவர் ஏழுக்குப் போனார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அப்பாவும் மகளும் புல்லை வகிர்ந்து வகிர்ந்து முகர்ந்தபடி ஊர்ந்தார்கள்.

"இதுல இருக்குப்பா."

"இங்க இல்ல. நீ வந்து பாரு."

அவள் வந்து பார்த்தாள். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, வேரோடு வந்த மண்ணை உள்ளங்கையில் உதிர்த்து முகர்ந்தாள். அவரிடம் நீட்டினாள். கறுத்து, ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. வெறும் மண் வாசனை. தண்டுகளின் அடி வெளுத்துச் சுத்தமாக இருந்தது.

"இதுதான்," என்றாள்.

நடைபாதைக் கதவைத் திறந்துவிட்டதும் மாடுகள் வழி தெரிந்தவை மாதிரி அவர்களை முந்திக்கொண்டு ஓடின. பதினாலும் ஏழாம் துண்டுக்குள் போயின. தலைகள் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. கத்தல் நின்று, புல் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார். கம்பத்தில் ஒரு கம்பி வளையம் இருந்தது. கதவில் ஒரு கொக்கி. வளையத்தை மாட்டினால் நழுவியது. திருப்பி மாட்டினார். அப்போதும் நழுவியது. அதற்கு ஏதோ ஒரு சூட்சுமம் இருந்தது.

"மாமாவக் கூட்டிட்டு வரேன்," என்று மகள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கதவு தானாகத் திறக்கப் பார்த்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.