நடுவர்களுக்கு ஒரு பாட்டு

“ஒரே ஒரு பாட்டு போதும் இபு. அஞ்சு நிமிஷம். நடுவருங்க பார்த்துட்டுப் போயிடுவாங்க” என்று என் வாசலில் நின்று சிரித்தார் பாக் எங்கோஸ். எங்கள் மெலாத்தி சந்தின் தலைவர்; பெண்களை இபு, ஆண்களை பாக் என்று கூப்பிடுவதுதான் இங்கே மரியாதை. கையில் பொரித்த வாழைப்பழப் பொட்டலம் வேறு. எட்டு மாதத்துக்கு முன்பு, என் வீட்டில் பாடவே கூடாது என்று சொல்ல வந்தபோதும் இதே சிரிப்புதான், இதே வாழைப்பழம்தான்.

சந்தில் அறுபது வீடுகள். தேவாலயத்துக்குப் போகிற பத்தாக் இனக் குடும்பம் எங்களுடையது மட்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவர் சஹத்துக்குப் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது, என் பெயர் வராது. ஆனால் வியாழக்கிழமை ஜெபத்துக்கு எங்கள் தேவாலய ஆட்கள் வந்து, மூன்று ஆண்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைக்குரலில் ஆரம்பித்தால், ஒரு சொல் விடாமல் கூடவே பாடுவார். அப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். காரணம் எனக்கெதற்கு? ஆறு வியாழன் என் மனுஷனின் குரலைக் கேட்டேன். ஏழாவது வியாழனுக்குள் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் போட்டார்கள். மக்கள் கலந்து பேசி ஒருமனதாக முடிவெடுப்பது நாட்டின் ஐந்து கொள்கைகளில் ஒன்று. பஞ்சசீலா என்னும் அந்த ஐந்தையும் திங்கள்தோறும் பள்ளிக் கொடிக்கம்பத்தடியில் தொண்டை கிழியச் சொன்னவள்தான் நானும். பாயில் உட்கார்ந்து இனிப்புத் தேநீர் குடித்துவிட்டு, “யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வாய் எழவில்லை. என் மௌனத்தையும் சேர்த்து ஒருமனதாக்கிவிட்டார்கள். அதன் பிறகு நான் தனியாக மெல்லப் பாடிப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பஞ்சசீலாவை நன்றாகக் கடைப்பிடிக்கும் தெரு எது என்று பார்க்கப் போட்டியாம். சந்து முகப்பில் நாட்டுச் சின்னமான கருடனைப் பெரிதாக வரைந்தாயிற்று. அதன் மார்பில், அவரவர் வழியில் கடவுளை நம்பலாம் என்பதற்கான நட்சத்திரத்துக்குத் தங்க வர்ணம். எல்லாம் தயார், நடுவர்களுக்குக் காட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பம்தான் பாக்கி.

“உங்க ஆளுங்களையும் வரச் சொல்லுங்க. உங்க பத்தாக் தோள் துணியைப் போட்டுக்கிட்டா போட்டோவுக்கு நல்லாருக்கும்.”

“அப்போ இனிமே வியாழக்கிழமை?”

“அத அப்புறம் பேசிக்கலாம் இபு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து.”

பொட்டலத்தை அந்தச் சிரிப்பின்மேலேயே விட்டெறியலாம் போலிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். சரி என்றும் சொன்னேன். அவரைவிட அந்தச் ‘சரி’மேல்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே மாதிரி பாத்திக் சட்டையில் மூன்று நடுவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். புகார் கொடுத்த வீட்டுப் பெண்களும் பலகாரப் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள்; அது எந்த வீடு என்று எனக்கா தெரியாது? காமிரா ஓட ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் பாடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த சஹத்தின் உதடு முதல் வரியில் அசைந்தது. இரண்டாவது வரியில் குரல் வந்துவிட்டது. எட்டு மாதம் பூட்டி வைத்த குரல், கரகரத்து, சுருதி விலகி. நான் பாடுவதை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் சரணம் முடிந்ததும் பாக் எங்கோஸ் பலமாகக் கை தட்டினார். நடுவர்களும் தட்டினார்கள். “இதுதாங்க நம்ம நாடு” என்றார் ஒருவர். அடுத்து சந்துக்கோடியில் கெளுத்திமீன் தொட்டியைப் பார்க்க வேண்டுமாம், எழுந்துவிட்டார்கள். சஹத் இரண்டாவது சரணத்தை எடுத்தார். எங்கள் ஆட்கள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

பாக் எங்கோஸ் என் காதருகே குனிந்தார். “போதும் இபு. நிறுத்தச் சொல்லுங்க.”

“நான் ஏன் சொல்லணும்?” என் குரல் வாசல்வரை கேட்டிருக்கும். “அன்னிக்குக் கூட்டத்துல என் வாயால நீங்க எதையும் கேக்கலயே. இப்பவும் நீங்களே சொல்லுங்க, பாக். அவர் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. காமிரா ஓடிட்டுதான் இருக்கு.”

அவர் சிரித்தபடியே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். வாசலில் ஒரு காலை மட்டும் செருப்பில் நுழைத்திருந்த நடுவர் திரும்பிப் பார்த்தார். சஹத் தலையை நிமிர்த்தி, பாக் எங்கோஸின் கண்ணைப் பார்த்தபடி, மூன்றாவது சரணத்தை ஆரம்பித்தார்.