ஊதினால் தெரியும் முத்திரை

பழைய கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து, எங்கே செய்தது, என்ன விலை போகும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். ஏலக்கடையின் மாடியில் எனக்கென்று ஓர் அறை. மேற்கே பெரிய ஜன்னல், மூலையில் கழுவும் தொட்டி, கறுப்புத் துணி விரித்த மேஜை. எனக்கு நாக்கில் சர்க்கரை கிடையாது என்று கீழே வேலை செய்பவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆசை ஆசையாகத் தூக்கி வருகிற சாமான் போன வருஷத்துச் சரக்காக இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது? முகத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தால் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் வந்தவள் என் நாத்தனார். மாமனார் போன பிறகு வீட்டுச் சாமான்களைப் பிரித்ததில் ஜன்னலோரத்து ஜாடி ஒன்றுதான் பாக்கி. என் வீட்டுக்காரர், அவர் தம்பி, இவள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்திருந்தார்கள். ஜாடி நல்ல விலை போகும் என்றால் விற்று மூன்று பங்கு. சாதாரணம் என்றால் இவளே வைத்துக்கொள்ளலாம். எது என்று சொல்ல வேண்டியது நான்.

இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்தும் நான் அதைக் கையில் எடுத்ததில்லை. உள்ளே மை தீர்ந்த பேனாக்களும் குடைக்கம்பியும் சொருகிக் கிடக்கும், மேலே விரல்கடைத் தூசி இருக்கும். தவிர, மாமனார் வீட்டில் போய்த் தொழில் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

நாத்தனார் ஜாடியைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் நானே கழுவினேன். தூசி போகப் போக, உள்ளே யாரோ கண் விழிப்பதுபோல ஒரு நீலம் எழுந்து வந்தது.

முதலில் அடியைப் பார்க்க வேண்டும். எண்பது வருஷம் மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து நின்ற கண்ணாடிக்கு அடியில் கீறல்கள் திசை தெரியாமல் ஓடும். உப்புத்தாளால் தேய்த்து வயசு ஏற்றுகிறவன் ஒரே பக்கமாகத் தேய்த்துவிடுவான், அவன் அவசரம் அவனுக்கு. இதில் எல்லாப் பக்கமும் கீறல் இருந்தது.

ஜாடியை ஜன்னலுக்கு நேரே தூக்கினேன். பால் கலந்த நீலம் மெல்லத் தேன் நிறத்துக்குப் போனது. சுற்றிலும் நீர்ச்செடிகள், நடுவே மீன்கள். கண்ணாடி தடித்த இடத்தில் நீலம் போகாமல் தங்கியிருந்தது, மெலிந்த இடத்தில் வெயில் உள்ளேயே வந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நான் கொஞ்சம் காணாமல் போய்விடுவேன். தெருச் சத்தம் தூரப் போகும். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பதாகத் தோன்றும், மேலே வர மனசே வராது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

"இங்க வா, அடியில ஊது," என்றேன்.

"எப்படி?"

"மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி இல்ல. வாயைத் திறந்து, மெதுவா."

ஊதினாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்த ஆவிக்குள் ஒரு சின்ன இலையும் மூன்று எழுத்தும் தெரிந்து, இரண்டு விநாடியில் மறைந்தன. அமிலத்தால் வைத்த முத்திரை அது, மூச்சு பட்டால்தான் முகம் காட்டும். குளிர் நாடு ஒன்றில் ஆற்றங்கரைப் பட்டறை. பதினோரு வருஷம் நடந்து, உலையை அணைத்துவிட்டார்கள். அங்கே செய்ததில் முழுசாக இருப்பது இன்று முப்பதுகூடத் தேறாது.

"இன்னொரு வாட்டி ஊதட்டுமா அண்ணி?" அவள் மறுபடி மறுபடி ஊதினாள். இலை வந்து வந்து போயிற்று.

"போதும். உன் ரெண்டு வருஷச் சம்பளம் போகும் இது."

அவள் முகம் தொங்கிவிட்டது.

"சாதாரணம்னு எழுதிடுங்களேன், அண்ணி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னைப் பார்த்தா கேக்கற? இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு பொய் எழுதினதில்ல. அதுவும் என் வீட்டுக்காரருக்கே எழுதணுமா?"

அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சின்ன வயசுல கால் சரியில்லாம ஒரு வருஷம் படுத்திருந்தேன்ல. அண்ணனுங்க ஸ்கூலுக்குப் போயிடுவாங்க, அம்மாவும் அப்பாவும் வேலைக்கு. ரெண்டு மணிக்கு மேல இது வழியா வெயில் சுவத்துல விழும். மீன் ஒண்ணொண்ணா கட்டில் பக்கம் நகர்ந்து வரும். என் கைமேல ஏறுற வரைக்கும் முழிச்சிருப்பேன். அப்புறம்தான் தூங்குவேன். அந்த வீட்டுல அந்த நேரத்துக்கு எனக்குன்னு இருந்தது இது மட்டும்தான்."

"அதை அவங்ககிட்ட சொல்றதுக்கென்ன? கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. குடுத்துட்டு ஆயுசுக்கும் குடுத்தவங்களாவே இருப்பாங்க. எனக்கு அப்படி வேணாம் அண்ணி. இது என் பங்கா வரணும்."

ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினேன். என் கறார் எனக்குப் பெரிது.

அவள் ஜாடியின் விளிம்பை விரலால் தடவினாள். "இதுவே விளிம்புல கொஞ்சம் உடைஞ்சிருந்தா?"

தொழில் கேள்வி என்றால் என் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். "பத்துல ஒரு பங்குகூடத் தேறாது. வாங்குறவன் தொடவே யோசிப்பான்."

சொல்லிவிட்டு அலமாரியில் தாள் எடுக்கத் திரும்பினேன். பின்னால் டிக் என்று ஒரு சத்தம்.

தொட்டிக் குழாயின் இரும்பு முனையில்தான் தட்டியிருந்தாள். நகம் அளவு சில்லு தொட்டிக்குள் கிடந்தது. உலை அணைந்து, கப்பலேறி, எத்தனையோ கை மாறி, என் அறைக்குள் முழுசாக வந்த ஜாடி.

"இப்ப எழுதுங்க," என்றாள். "இப்ப பொய் இல்லையே."

எழுதினேன். பட்டறை, காலம், விளிம்பில் உடைசல், சாதாரண விலை. ஒவ்வொரு சொல்லும் நிஜம். அவள் ஜாடியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இரண்டு தரம் படித்தார்.

"விளிம்புல உடைசலா? நான் பார்த்ததே இல்லையே. முன்னாடியே இருந்ததா?"

அடுப்பைப் பார்த்தபடி, "இருந்தது," என்றேன்.

"சரி, அவளே வெச்சுக்கட்டும்," என்று தாளை மடித்து வைத்தார். அந்த ஒரு வார்த்தைப் பொய்யை நான் மத்தியானமே சொல்லியிருக்கலாம், ஜாடியாவது முழுசாக இருந்திருக்கும்.