வாரண்டி இல்லாத பெட்டி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: ‘வளரும் சந்தையில் புதிய வீடியோ கேம் கன்சோல் வாங்குவதன் குறைகள்’. ஐந்து குறைகள் வேண்டும், கடைசியில் ஓர் அறிவுரையும் வேண்டும். நான்கு குறைகளை அரைமணி நேரத்தில் எழுதிவிட்டேன். ஐந்தாவதற்கு ஆள் தேடியபோதுதான் மௌனிகா கிடைத்தாள். கட்டுரை அன்றோடு கெட்டது.

(வளரும் சந்தை என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாம் வளர்ந்து முடிக்கிறவரை ஆசைப்படாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘சின்ன வயதில் ஒரு பொம்மைகூட வாய்க்காத மௌனிகா, அந்த ஏக்கத்தை நெஞ்சில் சுமந்தபடி—’

அடித்துவிட்டேன். அவளுக்கு நிறையப் பொம்மைகள் இருந்தனவாம்.

இரண்டாம் முயற்சி:

‘குழந்தையில்லாத வீட்டின் வெறுமையைப் போக்க அவள்—’

இதை வாட்ஸப்பில் அவளுக்கே அனுப்பித் தொலைத்தேன். பதிலுக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

“ஏனுங்ணா, எம்பட மாமியார் கேக்காததையெல்லாம் நீங்க கேப்பீங்களாட்ட இருக்குது. ஆசைப்பட்டேன், வாங்குனேன். எங்கூட்டுக்காரர் போன வருசம் புல்லட் வாங்குனாரு. அதுக்கு என்ன ஏக்கம்னு அவருகிட்டப் போய்க் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. ஆகவே காரணம் எதுவும் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

மௌனிகாவுக்கு முப்பத்திரண்டு வயது. பாலக்காட்டு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. கணவன் சிவப்பிரகாஷ் தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். அவள் கஞ்சிக்கோட்டில் இன்வெர்ட்டர் செய்யும் ஒரு கம்பெனியில், பழுதாகித் திரும்பி வரும் போர்டுகளைச் சால்டரிங் வைத்துச் சரிசெய்கிறாள். ஒன்பது வருடமாக அதே மேசை.

புதுக் கன்சோல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் கோயமுத்தூர்க் கடைக்குப் போகவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் தம்பி வினோவிடம் சொன்னாள். கல்ஃப் சாமான் என்றால் கல்லுப் போல உழைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு மதம். வினோவும் பாசக்காரன். விமான நிலையத்தில் யாரும் துருவித் துருவிக் கேட்கக் கூடாதென்று அட்டைப்பெட்டி, பில் எல்லாவற்றையும் அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு, கன்சோலை மட்டும் ஒரு போர்வையில் சுற்றி எடுத்து வந்தான்.¹

அதோடு வந்த டிஸ்க்கைப் போட்டால் விளையாட்டு ஓட மறுத்தது. முதலில் இன்டர்நெட்டிலிருந்து தொண்ணூறு ஜிபி இறக்க வேண்டுமாம். வீட்டில் இருந்ததோ கைபேசியில் ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. நாற்பத்தைந்து நாள் காத்திருக்க அவள் என்ன விரதமா பிடித்திருக்கிறாள்? கன்சோலை அரிசிச் சாக்கில் போட்டு, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு, கஞ்சிக்கோட்டில் கூட வேலை செய்யும் நிமியின் வீட்டுக்குப் போனாள். அங்கே கேபிள் இன்டர்நெட் இருந்தது. காலையில் செருகியது சாயங்காலம்தான் இறங்கி முடிந்தது.

பிறகு எட்டு நாள் விளையாடினாள். பனிமலையில் கார் ஓட்டும் விளையாட்டு. மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் போனால் வாந்தி எடுக்கிறவள், அங்கே நூற்றுநாற்பதில் வளைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒன்பதாம் நாள், சுற்றியிருந்த தோப்புகளில் தண்ணீர் பாய்ச்சி முடித்து மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். வோல்டேஜ் எகிறியது. ‘டப்’ என்றொரு சத்தம். கன்சோல் செத்தது.

(இன்வெர்ட்டர் கம்பெனியில் இருப்பவள் ஸ்டெபிலைசர் வைக்கவில்லையா? நீங்கள் கேட்பீர்கள் என்று நானும் கேட்டேன். “ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. அது ஃபிரிட்ஜுக்கு. மாமியார் கழட்டித் தருவாங்களா?” என்றாள்.)

¹ என் கட்டுரையில் இது இரண்டாவது குறை: ‘வெளிநாட்டில் வாங்கினால் உள்ளூரில் வாரண்டி கிடையாது.’ வினோ அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நான் அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

4

பாலக்காட்டு டவுனில் அஷ்ரஃப் கைபேசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கன்சோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, இது இங்கத்த பீஸ் இல்ல. பில்லும் இல்லேங்கறீங்க. கம்பெனி கையாலகூடத் தொடமாட்டாங்க. நான் தொறந்து எதாச்சும் ஆச்சுன்னா பழி எம்மேல வரும். மன்னிச்சுக்குங்க.”

(இங்கே சிவப்பிரகாஷை வில்லனாக்க எனக்கு ஆசையாக இருந்தது. கதை வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அவன் கத்தவில்லை, திட்டவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் சிக்கலே.)

“போனாப் போச்சாது மௌனி. கெட்டுப்போனத உதிரி பாகத்துக்கு எடுக்கற ஆளு ஒருத்தர் கோயமுத்தூர்ல இருக்கறாரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லீட்டேன். இனி இந்த மாதர எதாச்சும் வாங்கறதுன்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் போட்டு வாங்கு.”

முதல் மூன்று வாக்கியங்களை அவள் பொறுத்துக்கொண்டாள். நான்காவதைப் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் கன்சோலை எடுத்துப் போனால் அதோடு முடியாது. இனி அவள் எதை வேண்டுமென்று சொன்னாலும் வீட்டில் யாராவது ஒருவர் இதை ஞாபகப்படுத்துவார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, கன்சோலைக் கவிழ்த்து வைத்தாள். திருகாணியை மூடி ஒரு சின்ன ஸ்டிக்கர். கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதியிருந்தது. இல்லாத வாரண்டி எங்கே போகும்? நகத்தால் கிழித்தாள்.

என் கட்டுரை குப்புற விழுந்தது இந்த இடத்தில்தான். பில் இல்லை, சர்வீஸ் இல்லை, கம்பெனி தொடாது என்று நான் குறையாக எழுதிய ஒவ்வொன்றும் அவளுக்கு அனுமதியாகிவிட்டது. வாரண்டி இருந்திருந்தால் பயந்து அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

மாமியார் முத்தாத்தாள் எட்டிப் பார்த்து, “ஏன் அம்மிணி, கரண்ட் அடிச்சுப் போடாதா?” என்றார்.

“இது எம்பட தொழிலுங்க அத்தே.”

உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை முதலில் வடித்தாள். பவர் சப்ளை போர்டைக் கழற்றினாள். ஃபியூஸ் கருகியிருந்தது, பக்கத்தில், எகிறும் வோல்டேஜைத் தாங்கிக்கொள்வதற்கென்றே வைத்த நீல வில்லை வெடித்திருந்தது. இரண்டும் அவள் மேசைக்குத் தினமும் வரும் நோய்கள்தான். கைவசம் இருந்த புதியவற்றை வைத்துச் சால்டர் பிடித்துக்கொண்டிருந்தபோது, சிவப்பிரகாஷும் கோயமுத்தூர் ஆளும் உள்ளே வந்தார்கள்.

“என்ன புள்ள இது? இப்படிப் பிரிச்சுப் போட்டா ஆரு எடுப்பாங்க?”

“ஆரும் எடுக்கக் கூடாதுன்னுதானுங்க பிரிச்சேன்.”

கோயமுத்தூர் ஆள் குனிந்து பார்த்தார். “கை வெச்ச பீஸுங்க இது. நமக்கு வேண்டாமுங்க” என்றார். முத்தாத்தாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

சிவப்பிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். “சரி. வெளக்கு எரியலீன்னா என்ன பண்ணுவே?”

அவள் மூடியைப் போட்டாள். திருகாணிகளை முடுக்கினாள். ஒயரைச் செருகினாள்.

6

முடிவு அ: விளக்கு எரிகிறது. சிவப்பிரகாஷ் வெட்கத்தோடு தானும் ஒரு ஆட்டம் கேட்கிறான். (சினிமா.)

முடிவு ஆ: புகை வருகிறது. சந்தை பக்குவப்படும்வரை பொறுத்திருப்பதே நல்லது என்று நான் எழுதுகிறேன். (இதழாசிரியர் குளிர்ந்துபோவார்.)

இரண்டையும் தரமாட்டேன். எரிந்தது என்றால், ‘கெட்டிக்காரி, வாங்கியது சரிதான்’ என்பீர்கள். எரியவில்லை என்றால், ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்பீர்கள். ஒருத்தி ஆசைப்பட்டது சரியா தப்பா என்று ஒரு பொட்டு வெளிச்சம் தீர்ப்புச் சொல்லும்படி என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அறிவுரை கேட்டு இதழிலிருந்து இரண்டு தடவை அழைத்தார்கள். எடுக்கவில்லை.

ஆனாலும் எனக்கும் மனசு கேட்கவில்லை. அ, ஆ இரண்டையும் அவளுக்கு அனுப்பி, எது நடந்தது என்று கேட்டேன். வந்த குரல்பதிவை அப்படியே தருகிறேன். முடிவு எதுவோ, அதை இதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

“எரிஞ்சிருந்தா வெளையாடீட்டிருப்பேன். எரியாட்டி மறுக்காத் தொறந்துட்டிருப்பேன். ரெண்டுக்கும் நான் ஆருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கப் போறதில்லீங்ணா. இதுல உங்களுக்கு எதுக்குங்க முடிவு?”