பார்க்காதபோது ஓடிய வேகம்

அலுவலகத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள், உள்ளுக்குள் பெருமைதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாருமே காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிற ரகம். அந்தக் குஞ்சுகளை நிறுத்துப் பார்த்து, இத்தனை நிமிடம் இத்தனை நொடி என்று முகதாட்சண்யம் இல்லாமல் சொல்வது இவள் வேலை.

இந்த முறை தட்டில் ஏறியிருந்தது அவள் கணவர் எழுதியது.

விஷயம் இதுதான். ஒரே சர்வர் பெட்டிக்குள் நான்கு ப்ராசசர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே தனி மெமரி. ஒரே வீட்டில் நான்கு சமையலறை, நான்கு அலமாரி மாதிரி: தன் அலமாரி என்றால் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம், அடுத்த அலமாரி என்றால் நடந்து போய்த்தான் வர வேண்டும். அந்த வீட்டில் குடியிருப்பவை மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் முழு வீடும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு வாழும், பாவம். யாரை எங்கே குடிவைப்பது என்று முடிவு செய்வது ஹைப்பர்வைசர் என்கிற மென்பொருள். அதில் ஒரு பகுதியைத்தான் கணவர் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நெரிசல் என்றால் அது குடித்தனத்தைக் காலியான இடத்துக்கு நகர்த்தும். மெமரியில் வைத்திருந்ததையும் பின்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போகும்.

யோசித்துப் பார்த்தால் அருமை. அளந்து பார்த்தால் ஒன்பது நிமிடம். சோதனைக்கு எடுத்துக்கொண்டது மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் படங்களை அடுக்கிக் கொடுக்கிற வேலை. பழைய முறையிலேயே ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று வாரமாக அவள் கொடுத்த அறிக்கை எல்லாவற்றிலும் அதே ஒன்பது. இன்று நான்கு மணிக் கூட்டத்தில் மேலாளர் அந்தப் பகுதியைத் தூக்கிக் கடாசிவிடுவார்.

செருப்போடு அலுவலகத்தையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். அதனால் மூன்று வாரமாக இருவரும் தண்ணீர் வரவில்லை, சட்டை காயவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியம் சோதனை அறைக்குப் போனாள். பெட்டியை அணைத்துப் புதிதாக எழுப்பி, கடைசிச் சோதனை ஓட்டத்தைத் தொடங்கினாள். ஓட்டம் நடக்கும்போதே உள்ளே புகுந்து எண்ணிக் குறித்துக்கொண்டிருக்கும் காவல் நிரல் ஒன்று உண்டு, அவளே எழுதியது. இன்று அதை நிறுத்திவிட்டாள். எத்தனை தடவை பார்த்தாலும் அதே ஒன்பதுதானே. "நீயும் கொஞ்சம் தூங்கு," என்று அதனிடம் சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டிகளின் மேல் சாய்ந்தாள்.

மின்விசிறிகளின் இரைச்சல் மெல்ல மெல்ல மழையாக மாறியது. நீளமான நடை, நான்கு அறைகள். யாரோ ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓர் அறைக்குள் போகிறார், விரிக்கிறார், தலை சாய்க்கிறார். உடனே கையில் குறிப்பேட்டோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். அவர் மரியாதைக்காரர், எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார். அவருடைய பாத்திரம் பண்டமெல்லாம் பாதி இங்கே, பாதி நடுவழியில் நனைந்துகொண்டு கிடக்கிறது. அந்தப் பெண் நகர்ந்ததும் திரும்பி வருகிறார். அவளும் வந்துவிடுகிறாள். ஐயோ, அவரைக் கொஞ்சம் தூங்கவிடேன் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, ஓட்டம் முடிந்த மணி ஒலித்தது.

ஆறு நிமிடம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். நான்கு. மறுபடியும் நான்கு. காவல் நிரலை எழுப்பினாள். பெட்டியின் இடப்பக்க விசிறி அடங்கி, வலப்பக்க விசிறி சீறியது. கொஞ்ச நேரத்தில் இடம், மறுபடி வலம். காவல் நிரல் வந்து உட்கார்ந்ததும் நெரிசல் என்று நினைத்துக் குடித்தனம் கிளம்பியது. அது எழுந்து போனதும் திரும்பி வந்தது. கணவர் எழுதியதில் கோளாறே இல்லை. இவள் பார்த்ததுதான் கோளாறு.

அந்த நிரல் இறகு மாதிரி, நூறில் ஒரு பங்கு சுமைகூட இல்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அளந்துதான் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரே ப்ராசசர் இருந்த பழைய பெட்டியில். இந்தப் பெட்டியில் அளக்கத் தோன்றவே இல்லை.

கூட்டத்தில் எழுந்து நின்று, ஆறு, நான்கு, நான்கு என்று மூன்று ஓட்டத்தின் கணக்கையும் சொன்னாள்.

"அப்போ மூணு வாரமா நீங்க குடுத்ததெல்லாம்?" என்றார் மேலாளர்.

"எல்லாமே தப்பு சார். என் தப்பு. சரியான கணக்கு நாலு நிமிஷம்."

"சரிதான், இனிமே தராசையே ஒரு தடவை எடை போடணும்போல," என்று சிரித்துவிட்டு, புதிய பகுதி இருக்கட்டும் என்று முடித்தார் அவர்.

அவள் கணவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆச்சரியம் மட்டும் இல்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"பத்து நாளா சந்தேகம்."

"ஏன் சொல்லல?"

"அந்தப் பேரு உனக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் எழுதினது போனா இன்னொண்ணு எழுதிக்கலாம்னு இருந்தேன்."

வேறொருத்தியாக இருந்தால் உருகியிருப்பாள். இவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நான் தப்புன்னா சொல்ல மாட்டீங்க. அப்போ இத்தனை வருஷமா நான் செஞ்சது சரி, சரின்னு சொன்னீங்களே, அதையெல்லாம் நான் எப்படி நம்பறது?"

அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"அந்த நாலு நிமிஷமும் தப்பு."

"எப்படி?"

"முதல் ஓட்டத்தை நீ கணக்குல சேர்க்கல. சாமானெல்லாம் வந்து சேர்ற வரைக்கும் முதல் தடவை மெதுவாதான் ஓடும்னு, அளக்கறவங்க வழக்கப்படி அதை விட்டுட்டே. ஆனா ஆஸ்பத்திரியில ஒவ்வொரு நோயாளிக்கும் மெய்நிகர் கணினியைப் புதுசாதான் எழுப்புறாங்க. அவங்களுக்கு எப்பவுமே முதல் ஓட்டம்தான். ஆறுதான் சரி."

ஏழுக்கு ஆறு. ஒரே ஒரு நிமிடத்துக்காக மேலாளர் அதை வைத்துக்கொள்வாரா என்பது சந்தேகம்தான். அது கணவருக்கும் தெரியும், முகம் வெளிறியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் மேல் அவளுக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை.

"வாங்க, போய்ச் சொல்லிடுவோம்."

"நீயே சொல்லிடேன்."

"இல்ல, நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

உள்ளே மேலாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் கணவர் கதவைத் தட்டினார்.