பால்கனியில் ஒரு பச்சைப் புள்ளி

மேடவாக்கத்தை ஒட்டிய காப்புக்காட்டில் நாற்பத்தொரு தரை ஆர்க்கிட் செடிகள்தான் மிச்சம். மாதம் ஒருமுறை தன்னார்வலர்கள் போய், செல்போன் செயலியில் படம் ஏற்ற வேண்டும். வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும். பதினேழாம் எண் செடி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அச்சுதனின் பொறுப்பு. அதற்காகக் கிடைத்த அடையாள அட்டையை மனுஷன் காய்கறி வாங்கப் போகும்போதுகூடக் கழற்றமாட்டார். செடியைப் பிடுங்கினால் அட்டை பறிபோகும் என்பது விதி.

மாசியில் பக்கத்துச் சரிவில் தீப்பிடித்தது. அச்சுதனுக்குச் சோறு இறங்கவில்லை. விதியாவது ஒன்றாவது என்று பதினேழைக் கரண்டியால் கிழங்கோடு பெயர்த்து, கிழக்குத் தாம்பரம் ஃபிளாட்டின் பால்கனித் தொட்டியில் நட்டுவிட்டார். மழை வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று கணக்கு.

“வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டீங்க,” என்றாள் மனைவி ரமா.

மாதாமாதம் தொட்டி தெரியாமல் படமெடுத்து ஏற்றினார். எடுத்த இடத்தையும் செயலி சேர்த்தே அனுப்பும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது அவர் கவனமெல்லாம் போண்டாவில் இருந்தது.

ஆடியில், வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளும் மாளவிகா போன் செய்தாள்.

“சார், பதினேழுக்குக் கால் முளைச்சிடுச்சா? அஞ்சு மாசமா உங்க வீட்ல நிக்குதே!”

அச்சுதன் பால்கனித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அன்று காலைதான் இலை கையோடு வந்திருந்தது. தினமும் ஊற்றிய தண்ணீரில் கிழங்கு அழுகிவிட்டது.

மறுநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். அங்கே காத்திருந்த மாளவிகா திட்டவே இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பழைய இடத்தையும் தீ தின்றிருந்தது. கரிந்த புல் தூர்களுக்கு நடுவே, அவர் தோண்டிய குழியோரம், விரல் நீளத்துக்கு ஒரு குருத்து நின்றது. கரண்டிக்குத் தப்பிய கிழங்குத் துண்டு!

“தீ மேலாலதான் சார் போகும். கிழங்கு அது பாட்டுக்குக் கீழ இருக்கும்,” என்றாள் மாளவிகா.

அச்சுதன் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், உடனே வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

“பதினேழுன்னே போட்டு நீங்களே ஏத்துங்க சார்.”

மண்டியிட்டுப் படமெடுத்தார். பச்சைப் புள்ளி காட்டுக்குள், இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது.

“ஆச்சா சார்?” என்று கேட்டுவிட்டு மாளவிகா கையை நீட்டினாள். “கார்டைக் குடுத்துடுங்க.”

அச்சுதன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.